முதல் இடத்தில் இருந்த பிள்ளையார்

காகிதத்தில் மட்டுமல்ல, கணினியிலும் பிள்ளையாரை முன்னுக்கு வைத்துத்தான் நான் எதையும் தொடங்குவேன். அந்தப் பழக்கத்தால் ஒரு பெண்பிள்ளை தன் தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கிற நேரத்தைத் தவறவிட்டாள். ஏன் தவறவிட்டாள் என்று அவள் சொன்ன உண்மையை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. அது உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாயைத் திறக்கவில்லை.

தொழில்நுட்பக் கல்லூரியில் கணினி படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். மனைவியோடு வட்டக்கச்சியில் இருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சும்மா இருக்க முடியாத சுபாவம் என்பதால், வேறொரு நாட்டில் இருக்கும் சேர்வர் ஒன்றை, அதாவது இணையத்தளங்களைத் தாங்கி நிற்கும் கணினியை, வாடகைக்கு எடுத்து, ஊருக்குத் தேவையான இணையத்தளங்களை அதில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பிள்ளையார் கோயிலுக்கு ஒன்று, விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்கு ஒன்று, பாடசாலைக்கு ஒன்று. இவற்றோடு, செத்தவீடுகளை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பார்ப்பதற்கான நேரலைப் பக்கங்கள்.

பிள்ளைகள் எல்லாரும் பக்கத்தில் நிற்க, கண்ணை மூடுகிற பாக்கியம் இப்போது வன்னியில் பலருக்கு இல்லை. அதனால் ஒரு வழக்கம் வந்துவிட்டது. பெட்டியை மூடுவதற்கு முன் கமெராக்காரரைக் கிட்டக் கூப்பிடுவார்கள். சுற்றி நிற்பவர்கள் ஒதுங்குவார்கள். "பிள்ளையள் பாக்கட்டும்" என்று யாராவது சொல்லுவார்கள். கொஞ்ச நேரம் ஒருவரும் அசைய மாட்டார்கள். சைவ வீடானாலும் வேதக்காரர் எனப்படும் கிறிஸ்தவர் வீடானாலும் இதைத் தவறவிடுவதில்லை.

சேர்வர் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொன்னால்தான் என் பிழை விளங்கும். வேலி அடைத்த ஒரே வளவுக்குள் பல வீடுகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் வாசல் படலையில் நின்று ஒரு பெயரைச் சொல்லிக் கேட்பார். சேர்வர் அந்தப் பெயருக்குரிய வீட்டைக் காட்டும். வளவில் இல்லாத ஒரு பெயரைக் கேட்டால் என்ன செய்வது? அதையும் நாங்கள்தான் எழுதிவைக்க வேண்டும். எழுதாமல் விட்டால், வரிசையில் முதலாவதாக இருக்கும் வீட்டுக்குள் ஆளை விட்டுவிடும்.

அந்த முதல் இடத்தில் ஒருவரையும் குடிவைக்கக் கூடாது. வெறும் வீடாக இருக்க வேண்டும். தெரியாத பெயரைக் கேட்டு வருகிறவருக்கு இது யாருடைய வளவு என்றுகூடச் சொல்லாமல் கதவைச் சாத்திவிட வேண்டும். நான் இதை வருடக்கணக்காக வகுப்பில் படிப்பித்தவன். பரீட்சையில் கேள்வியாகவும் போட்டவன்.

ஆனால் என் சொந்தச் சேர்வரில் முதல் இடத்தில் பிள்ளையார் கோயிலை வைத்தேன்.

ஆரம்பத்தில் அது பக்திதான். முதல் தளம் கோயிலுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு வேறு காரணமும் சேர்ந்துகொண்டது. கோயிலின் பக்கத்தில் வந்தவர் தொகையைக் காட்டும் ஒரு சின்னப் பெட்டி உண்டு. உலகத்தில் திறந்த கதவு எங்கே இருக்கிறது என்று தட்டித் தட்டிப் பார்க்கிற இயந்திரங்கள் ஏராளம். பெயர் தெரியாமல் வந்த அவ்வளவும் கோயில் பக்கத்துக்குள் விழ, தொகை ஏறிக்கொண்டே போனது. திருவிழாவில் பரிபாலன சபைத் தலைவர் ஒலிபெருக்கியில், எத்தனையோ நாடுகளில் இருந்து எங்கள் பிள்ளையாரைத் தரிசிக்கிறார்கள் என்று அறிவித்து, எனக்குப் பொன்னாடை போர்த்தினார். தரிசித்தவர்களில் முக்கால்வாசியும் ஆட்கள் அல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தோளைக் குனித்துக் கொடுத்தேன்.

கொழும்பில் வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவன் ஒரு நாள் போன் எடுத்துச் சிரித்தான். யாரோ ஒரு சூதாட்டத் தளத்தின் பெயரை என் சேர்வரின் முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தார்களாம்.

"சேர், சூதாட்டக்காரன்ர பேரை அடிச்சா உங்கட பிள்ளையார் வந்து நிக்கிறார். ஆர் பேரைச் சொன்னாலும் வருவார் போல."

பிள்ளையார் படலைக்கு வந்த ஒருத்தரையும் திருப்பி அனுப்ப மாட்டார் என்று நானும் பகிடியாகச் சொல்லி வைத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் வழி தவறி வந்தவரையும் "வாங்கோ, இருங்கோ" என்றுதான் சொல்லுவோம். அது மனிதருக்குச் சரி. அன்றைக்கே அந்த இடத்தை வெறுமையாக்கியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது.

முல்லைத்தீவுக் கரையில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். படகு வைத்துத் தொழில் செய்த வேதக்காரர். யுத்தம் முடிந்து முகாமில் இருந்த காலத்தில் எங்கள் தறப்பாள் கொட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவருக்கு ஒரு மகனும் ஒரு மகளும். மகள் அப்போது சின்னப்பிள்ளை. என் மனைவியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேதான் தண்ணீருக்கு வரிசையில் நிற்பாள். என்னை மாமா என்பாள். வளர்ந்து பிரான்சுக்குப் போனாள். அங்கே அவளுடைய வதிவிட வழக்கு இன்னும் முடியவில்லை. நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. தகப்பன் இறந்தபோது அவளுக்கு இருந்த ஒரே வழி நான் செய்துகொடுக்கும் பக்கம்தான்.

அதை நான் மிகக் கவனமாகச் செய்ததாகவே நினைத்தேன். நண்பரின் படத்தைப் போட்டேன். அவருக்குப் பிடித்த படகின் நீல நிறத்தைப் பின்னுக்கு வைத்தேன். என் போனில் திறந்து பார்த்தேன், மனைவியின் போனில் பார்த்தேன். எல்லாம் சரி. குடும்பத்தாருக்கு இணைப்பை அனுப்பினேன்.

செத்தவீட்டன்று தேவாலயத்தின் கடைசி வரிசை வாங்கில் மடிக்கணினியோடு இருந்தேன். பெட்டி மூடுகிற நேரம் வந்தது. புதுக்குடியிருப்பில் இருந்து வந்திருந்த கமெராக்காரர் கிட்டப் போனார். எல்லாரும் ஒதுங்கினார்கள். நண்பரின் மனைவி திரும்பி என்னைத் தேடினா.

"அண்ணை, பிள்ளை பாக்கிறாளோ?"

எனக்குத் தெரிந்தது இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணிக்கை மட்டும்தான். அதில் அவள் இருக்கிறாளா என்று தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"ஓம் தங்கச்சி, பாக்கிறா" என்றேன்.

அவா கமெராவைப் பார்த்து, மகளின் கன்னத்தைத் தொடுவதுபோல் கையை நீட்டினா. "பாரம்மா. அப்பா நித்திரை கொள்ளுற மாதிரித்தான் கிடக்கிறார். ஒரு நோவும் இல்லை. வடிவாப் பார்" என்று சொன்னா. தேவாலயம் முழுவதும் அந்தப் பிள்ளைக்காகக் காத்து நின்றது. பிறகு பெட்டியை மூடினார்கள்.

அடுத்த நாள் அவளே எனக்குப் போன் எடுத்தாள். அழுது ஓய்ந்த குரல். குறை சொல்ல எடுக்கவில்லை. பதிவு இருந்தால் அனுப்பச் சொல்லித்தான் எடுத்தாள்.

"நான் பிள்ளையாரைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான், மாமா. நேரலை கொஞ்ச நேரத்தில தொடங்கும் எண்டு போட்டிருந்தது. நீங்கள்தானே கோயில் பக்கமும் செய்யிறது. அதுக்குள்ளதான் அப்பாவையும் காட்டுவீங்கள் எண்டு நினைச்சன்."

ஏன் ஒருவருக்கும் போன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"அதை விட்டிட்டு கோல் எடுத்தா, அந்த நேரம் பாத்துத் தொடங்கிவிடும் எண்டு பயமாக் கிடந்தது."

அவள் வேலை செய்யும் ஹோட்டலில் துணி துவைக்கிற அறைக்குள் நின்று பார்த்திருக்கிறாள். திருவிழாவுக்குப் போட்ட அறிவிப்பை நான் கோயில் பக்கத்தில் இருந்து எடுக்காமல் விட்டிருந்தேன். "நேரலை சற்று நேரத்தில் ஆரம்பமாகும்" என்ற அந்த ஒரு வரியை நம்பி, தகப்பனை அடக்கம் செய்து முடியும்வரை நின்றிருக்கிறாள்.

அவள் பேசி முடிக்க முன்னரே எங்கே பிழை என்று எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ஆனாலும் என் வாயில் வந்தது இதுதான்: "அங்க லைன் சரியில்லைப் போல, பிள்ளை."

"ஓம் மாமா, அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

போனை வைத்த கையோடு சேர்வரைத் திறந்து பார்த்தேன். இப்போது எந்தச் சேர்வருக்கும் இரண்டு முகவரிகள் இருக்கும். ஒன்று பழைய முறை, மற்றது புதிய முறை. வளவுக்கு இரண்டு படலை இருப்பதுபோல. யார் எந்தப் படலையால் வருகிறார்கள் என்பதை அவரவர் இணைப்புத்தான் தீர்மானிக்கும். நண்பரின் பக்கத்தின் பெயரை நான் பழைய படலையில் மட்டும் எழுதியிருந்தேன். நாங்களும், கனடாவில் இருந்த உறவினரும் அந்தப் படலையால்தான் போய் வந்தோம். அவளுடைய போன் புதிய படலையால் வந்திருக்கிறது. அங்கே தகப்பனின் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் சேர்வர் அவளை முதல் வீட்டுக்குள், பிள்ளையாரிடம் அனுப்பிவிட்டது.

பிழையான வீட்டுக்குள் போனால், இது நீங்கள் தேடிவந்த இடமல்ல என்று போன் எச்சரிப்பது வழக்கம். எல்லா வீட்டுக்கும் செல்லுபடியாகும் ஒரே சான்றிதழைச் சோம்பலில் போட்டு, அந்த எச்சரிக்கையையும் வராமல் செய்திருந்தேன். முதல் இடம் வெறுமையாக இருந்திருந்தால் அவளுக்கு ஒன்றுமே வந்திராது. உடனே தமையனுக்கு எடுத்திருப்பாள். நான் சரிசெய்து கொடுக்க அப்போது நேரமும் இருந்தது.

அன்று மத்தியானமே எல்லாவற்றையும் திருத்தினேன். முதல் இடத்தில் இருந்து கோயிலை எடுத்து, அதன் சொந்தப் பெயருக்குக் கீழே மட்டும் வைத்தேன். முதல் இடத்தில் ஒரு வெறும் வீட்டை வைத்தேன். அதற்கு யாருடைய பெயரும் இல்லாத தனிச் சான்றிதழ் ஒன்றைப் போட்டு, தெரியாத பெயரோடு வருகிறவரிடம் ஒரு சொல்லும் பேசாமல் தொடர்பை அறுத்துவிடும்படி எழுதினேன். இரண்டு படலைகளிலும் எழுதினேன். மற்ற ஒவ்வொரு தளமும் இரண்டு படலைகளிலும் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லாத பெயர்களைக் கேட்டு நானே தட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

பதிவை அவளுக்கு அனுப்பினேன். உண்மையை அனுப்பவில்லை.

சில நாட்களுக்குப் பிறகு நண்பரின் வீட்டுக்குப் போனேன். மகன் கதிரை கொண்டுவந்து போட்டான். தாய் தேத்தண்ணி தந்தா. பிரான்சில் பிள்ளை எப்படி இருக்கிறா என்று நான் கேட்டதும் மகன் ஒரு மாதிரிச் சிரித்தான்.

"தேவாலயத்தில கிடந்த அப்பாவைப் பாக்க வந்தவளுக்குப் பிள்ளையார் வந்தவராம், மாமா. கனடாவில எல்லாருக்கும் அப்பா வந்தவர், இவளுக்கு மட்டும் பிள்ளையார். வேலையில நிண்டிட்டுச் சொல்லுற கதையைப் பாருங்கோ."

தாய் அவனைத் தடுக்கவில்லை. "வர ஏலாமப் போனா ஏலாமப் போச்சுது எண்டு சொல்லலாம். அப்பான்ர விசயத்தில ஏன் பொய்?" என்று மட்டும் சொன்னா. பதிவில் தான் கையை நீட்டிக் கூப்பிட்டதைப் பார்த்தபிறகும் அவள் அப்படிச் சொல்கிறாளே என்பதுதான் அவாவுக்கு ஆறவில்லை. நான்தானே "பாக்கிறா" என்று சொன்னவன். மாமா சொன்னது பொய்யாக இருக்காது என்று அவர்கள் மகளை நம்பாமல் விட்டார்கள்.

அந்தத் தேத்தண்ணியை நான் முழுவதும் குடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. ஊரில் எனக்கு இருக்கும் பெயர் ஒன்றுதான் உண்மையைச் சொல்லவிடாமல் என்னைத் தடுத்தது. மாமாவுக்குத் தெரியாதது இல்லை என்ற பெயர்.

இரண்டு கிழமை அப்படியே போனது. ஒரு நாள் குசினி வாசலில் நின்று மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவா அரிசி களைவதை நிற்பாட்டவில்லை. முடிந்ததும் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சொன்னா:

"என்னட்டச் சொல்லி என்ன? அந்தப் பிள்ளை என்ர சீலையப் பிடிச்சுக்கொண்டு திரிஞ்சவள். முப்பத்தோராம் நாளுக்குப் போறம்தானே. அங்க சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்."

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபிறகு வீட்டில் தாயும் மகனும் நாங்களும் மிஞ்சினோம். மகன் வெளியே அடுக்கியிருந்த கதிரைகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தான். அவனை உள்ளே கூப்பிட்டேன். அவர்கள் வளவுக்கும் இரண்டு படலை. ஒன்று றோட்டுப் பக்கம், மற்றது கடல் பக்கம். அதை வைத்தே சொன்னேன்.

"றோட்டுப் படலையில மட்டும்தான் இஞ்ச செத்தவீடு எண்டு எழுதி வச்சனான். பிள்ளை கடல் பக்கத்தால வந்தவா. அங்க நான் ஒண்டும் எழுதேல்லை. வழி தெரியாம வாற எல்லாரையும் எங்கட கோயிலுக்குள்ள விடச்சொல்லி முதலே செய்து வச்சிருந்தனான். அவாவையும் அங்கதான் விட்டது. அவா சொன்னது முழுக்க உண்மை. பிழை என்ர."

மகன் சுவரோடு சாய்ந்து நின்றான்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அடுத்த நாளே தெரியும்."

"அப்ப நான் அண்டைக்கு இதில இருந்து அவளைப் பகிடி பண்ணேக்க?"

"தெரிஞ்சுகொண்டுதான் இருந்தனான்."

அவன் வெளியே போனான். கதிரை ஒன்று விழுகிற சத்தம் கேட்டது. தாய் தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னா.

"அப்ப என்ர பிள்ளை வந்தவள்."

"வந்தவா, தங்கச்சி. கடைசி மட்டும் நிண்டவா."

அவா கண்ணைத் துடைத்தா. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. "இவ்வளவு நாளும் வாயில கொழுக்கட்டையே வச்சிருந்தனீங்கள், அண்ணை?" என்று கேட்டா. ஓம் என்று தலையை ஆட்டினேன். என் மனைவி அவாவுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டா. என் பக்கம் வரவில்லை.

மகன் திரும்பி வந்தபோது போன் கையில் இருந்தது. வெளியிலேயே தன் தங்கைக்கு எடுத்துவிட்டான். அவன் முகம் ஈரமாக இருந்தது. போனைத் தாயிடம் நீட்டினான். தாயும் மகளும் என்ன பேசினார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. பேச்சு அதிகம் இல்லை என்பதை மட்டும் சொல்லலாம். கடைசியில் அவள் மாமாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

மன்னிப்புக் கேட்டேன். படிப்பித்தவன் கேட்கிற மாதிரி நீளமாகக் காரணம் சொல்லத் தொடங்க, அவள் இடையில் மறித்தாள்.

"நீங்கள் லைன் சரியில்லை எண்டு சொன்னாப்பிறகு, மாமா, என்ர போனிலதான் பிழை எண்டு நினைச்சு அதைக் குப்பையில போட்டனான். அப்பாவோட கதைச்ச போன் அது."

பிறகு, அன்றைக்குத் துணி அறைக்குள் தனியே நிற்கப் பயமாக இருந்ததால், பிள்ளையாரைப் பார்த்தபடியே செபமாலை சொன்னதாகச் சொன்னாள். "வேற ஆர் இருந்தது அங்க? அவர்தான் இருந்தவர்" என்றாள். அப்போது அவள் குரலில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. மன்னித்துவிட்டாள் என்று அதை வைத்து நான் சொல்ல மாட்டேன்.

தாய்தான் எழும்பினா. "வாங்கோ, சேமக்காலைக்குப் போவம். பிள்ளை இன்னும் அப்பாவோட கதைக்கேல்லை" என்றா. பிறகு போனை என் கையில் வைத்தா. "நீங்கள் பிடியுங்கோ."

கடற்கரையை ஒட்டிய மணல் இடுகாடு அது. வெயில் சாய்ந்திருந்தது. சிலுவையில் காலையில் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. இப்போதைக்குக் கல்லறை கட்டவில்லை. மணலைக் குவித்துச் சுற்றிச் சிப்பி அடுக்கியிருந்தார்கள். மகன் விழுந்து கிடந்த மெழுகுதிரிகளை நிமிர்த்தி வைத்தான். அவன் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் நான் மணலில் கால் புதைந்து தடுமாறியபோது முழங்கையைப் பிடித்தான். பிறகு மற்றவர்களோடு ஒதுங்கிப் போய் நின்றான்.

பெட்டி மூடுகிற நேரத்தில் நின்றதுபோலவே எல்லாரும் அசையாமல் நின்றார்கள். நான் போனைக் குவியலுக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கடல் பக்கம் திருப்பினேன். காற்றுச் சத்தத்துக்குள் அவள் குரல் வந்தது.

"மாமா, இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடியுங்கோ."

முழங்கால் இடம் கொடுக்கவில்லை. இருந்தாலும் மணலில் குந்தி, அவளைத் தகப்பனுக்குக் கிட்டப் பிடித்தேன்.